லீ பஜார், ஞாயிறு, ஏழரை

ஒன்பது பேர் வந்தோம்.
மடக்கு நாற்காலி நான்குதான்.
மிச்சப் பேருக்கு வெல்ல மண்டியின் படி.

எதிரே பச்சை லாரி.
இம்தியாஸ் சக்கரத்திலிருந்து தொடங்கினான்,
ஜெஸிந்தா வானத்திலிருந்து.
நான் தார்ப்பாயின் மடிப்பில்
மாட்டிக்கொண்டேன்.
தூரிகை கழுவ
டீக்கடைக்காரர் தந்த கண்ணாடி டம்ளரில்
செவ்வாய்ப்பேட்டை மெல்லக் கலங்கியது.

எட்டு பத்துக்கு லாரி கிளம்பிவிட்டது.
சொல்லாமல்தான். அதற்கென்ன,
ஆத்தூரில் இறக்க வேண்டிய சரக்கு.

நின்ற இடத்தில் இப்போது
ஒரு சுவர், ஒரு சைக்கிள், பாதி கிழிந்த பூப்பு நன்னீராட்டு போஸ்டர்,
படுத்தபடியே எங்களைப் பார்க்கும் நாய்.

நோட்டுகளைத் தரையில் பரப்பினோம்.
ஒன்றில் முகப்பு, ஒன்றில் பின்பலகை.
நம்பர் பிளேட் யாரிடமும் இல்லை.

மூட்டை ஏற்றிய மாதையன்
துண்டால் கழுத்தைத் துடைத்தபடி குனிந்தார்.
ஒரு சொட்டு என் தார்ப்பாயில் விழுந்தது.
"கயிறு தப்பு கண்ணு.
இப்படிக் கட்டுனா
உடையாப்பட்டி தாண்டாது."

அழிரப்பர் கொண்டுவரவில்லை.
பென்சிலை அவரிடமே நீட்டினேன்.
வாங்கவில்லை;
காற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டினார்,
இரண்டு தடவை.
இரண்டாம் தடவை
ஒன்பது பேரும் வரைந்துகொண்டிருந்தோம்
அவர் கையை.