ஆடாதிருத்தல்

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்.
இங்கே ஆடக்கூடாது.
இருமக்கூடாது. ஆழமாக மூச்சுவிடக்கூடாது.
"ஹலூ நகா" என்கிறார் வைஜயந்தி சிஸ்டர்
என் முட்டியில் கைவைத்து,
பஸ்ஸில் பக்கத்து சீட்காரியிடம் சொல்வதுபோல.

ஆணா பெண்ணா என்று கேட்கமாட்டேன் என
ஆறாவது தடவையாகக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.
கேட்பதற்கு எனக்கு வேறு இருந்தன.

என் ரத்தத்துக்கு என் பிள்ளையைப் பிடிக்கவில்லை.
டாக்டர் தஸ்தூர் இதை இப்படிச் சொல்லவில்லை.
அவர் ஒரு காகிதத்தில் பிளஸ் போட்டார், மைனஸ் போட்டார்,
நடுவில் ஒரு கோடு.
நான்தான் வடாலாவில் ரயில் மாறும்போது
தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மூத்தவள் பிறந்த எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்
ஓர் ஊசி போட்டிருக்க வேண்டுமாம்.
கோலிவாடா நர்சிங் ஹோமில் அன்றைக்கு
கணபதி விசர்ஜன்; மருந்துக்கடை ஷட்டர் இறங்கியிருந்தது.
யாரோ நாளைக்கு என்றார்கள்.
மறுநாள் நாங்கள் வீட்டில் இருந்தோம்,
பெயர் தேடிக்கொண்டு.
அவளுடைய நாலு துளி எனக்குள் வந்திருக்கிறது.
என் உடம்பு அதை மறக்கவில்லை.

இரண்டாவது, ஏழாம் மாதம்.
நீர் கோத்து வீங்கிய முகம்.
அதற்கு மேல் எழுத வரவில்லை.

இது மூன்றாவது. இருபத்தாறு வாரம்.
நீர்த்த ரத்தம் வேகமாக ஓடுமாம்.
பிள்ளையின் தலைக்குள் ஒரு நாளத்தில்
அந்த வேகத்தை அளந்தார்கள்.
"விரார் ஃபாஸ்ட்" என்றார் ஜெபராஜ்.
சிரித்தோம். பிறகு ஸ்டேஷன்வரை பேசவில்லை.

இப்போது திரையில் ஊசி ஒரு வெள்ளைக் கோடு.
தொப்புள்கொடி நனைந்த கயிறாக மிதக்கிறது.
முதலில் பிள்ளைக்கு ஒரு மருந்து,
அது அசையாதிருக்க.
பதிமூன்று நாளாக
எண்ணி எண்ணி நோட்டில் குறித்த உதைகள்
ஒரு சொட்டில் நின்றுபோகின்றன.
தெரிந்துதான் சம்மதித்தேன்.
தெரிந்தும்
என் உள்ளங்கை வயிற்றைத் தேடிப் போகிறது.
"ஹலூ நகா."

ரத்தம் கொஞ்சந்தான். நாற்பத்தைந்து மில்லி.
மூத்தவளுக்குப் பால் புகட்டிய பாலாடையில்
ஒன்றரைத் தரம் ஊற்றினால் தீர்ந்துவிடும்.
பையில் பெயர் இல்லை, எண்தான்.
ஆனால் ஜெபராஜுக்குத் தெரியும்,
பதினெட்டு போன் போட்டவர் அவர்.
வாஷி டோல் நாக்காவில் இரவு ஷிப்ட் பார்க்கிற ஒருவர்,
காம்ப்ளேயாம்.
ஷிப்ட் முடிந்த கையோடு வந்து கொடுத்துவிட்டு,
பிஸ்கட் பாக்கெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு,
தூக்கம் வருகிறதென்று போய்விட்டாராம்.

ரத்த பாசம், ரத்த சொந்தம் என்று
திருநெல்வேலியிலிருந்து போன் வரும்.
இருக்கட்டும்.
என்னுடையது அழித்துக்கொண்டிருக்கிறது.
அவருடையது ஏறிக்கொண்டிருக்கிறது.

கொடிக்குள் நுரை மாதிரி ஒரு மினுமினுப்பு.
"போகிறது" என்றார் தஸ்தூர்
யாரிடமும் இல்லாமல்.

மாலை. வார்டில் ஆறு கட்டில்.
இதயம் ஓடுகிறது என்கிறது மிஷின்.
ஆனால் வயிறு
டேங்கர் வராத நாளின் டிரம்.
மருந்து தெளிய இரண்டு மணி நேரமாகலாம், மூன்றாகலாம்.
இரண்டாவதும் இப்படித்தான்
ஒரு மாலையில் அமைதியானது.
அதற்கு யாரும் மருந்து கொடுத்திருக்கவில்லை.

எட்டேகால்.
ஜெபராஜ் நாற்காலியில் சாய்ந்தபடி
அடுத்த பைக்கு ஆள் தேடுகிறார்.
பதினேழு நாளில் இன்னொன்று வேண்டும்,
காம்ப்ளே மூன்று மாதத்துக்குக் கொடுக்க முடியாது.
"ஓ நெகட்டிவ், பையா, ஓ நெகட்டிவ்" என்கிறார்
சார்ஜர் ஒயர் எட்டும் தூரத்துக்குள் குனிந்து.

இடுப்பெலும்புக்கு மேல், இடப்பக்கம்,
ஒரு சுண்டு.
கேரம் காயைத் தொட்டும் தொடாமலும் சுண்டியதுபோல.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு இன்னொன்று.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏதாவது?"

உடனே சொல்லவில்லை.
ஒரு ரெண்டு நிமிஷம்
அது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று
ஆடாமல் படுத்திருந்தேன்.