மஞ்சள் அட்டை

காவேரிப்பட்டணம் பைபாஸ் மண்டபத்தில்
நேற்றைய கல்யாணத்தின் தெர்மாகோல் பெயர்களை
இன்னும் கழற்றவில்லை.
அதன் கீழேதான் பறக்கும் தட்டு மாநாடு.

ஆய்வாளருக்கு நீல அட்டை,
பார்த்தவருக்கு மஞ்சள்.
எது வேண்டும் என்றார்கள்.
மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான்,
நீலம் என்றேன்.

திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி.
ஓசூர்ப் பையன் அதைப் பெரிதாக்கப் பெரிதாக்க
வெறும் கட்டங்களாகிப் போனது.

பிறகு படிவம்:
நிறம், கோணம், ஓசை, எத்தனை நொடி.
அஞ்செட்டியில் யானைக்குக் காவலிருக்கும் மாதப்பன்
ராகிக் கொல்லைப் பரணிலிருந்து பார்த்ததைச் சொன்னார்.
பயந்தீர்களா என்றார் பெங்களூர்க்காரர்.

"பயமெல்லாம் இல்லீங்க.
கிட்ட வந்துச்சு.
என்னை ஒரு தடவை பாத்துட்டு
வேணாம்னு போயிருச்சு."

யாரோ சிரித்தார்கள்.
எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

பந்தியில் அவருக்கு அடுத்த இலை எனக்கு.
ரசம் ஓடாமல் சோற்றில் அணை கட்டிக்கொண்டே
நீல அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு
"என்னையும்தான்" என்றேன்,
அப்பளம் நொறுக்குகிற சத்தத்துக்கு நடுவில்.

தலை திருப்பாமல் கேட்டார்:
"உங்களுக்கு எந்த வருசம்?"