ஐந்தாவது தட்டு

புயலால் படகு ரத்து.
பூடோவில் இன்னும் ஓர் இரவு.
பெட்டியைக் கவிழ்க்கிறேன்:
ஐந்து விளையாட்டுகள், ஒரே தீவுக்கூட்டம்.

"முதல்ல இருந்தே ஆரம்பிக்கலாம்" என்கிறான் ஐவின்.
வேண்டாம்.
அதன் நெம்புகோல்களை என் விரல்களே அறியும்.
தெரிந்த பூட்டைத் திறப்பது
வீட்டுக்குள் போவது, அவ்வளவுதான்.

மூன்றாவதன் உறைக்குள் ஒரு தாள்.
மணிக்கூண்டு, ஏழு குறிகள்,
ஓரத்தில் அவன் கையெழுத்து:
"இங்கே இருவரும் தூங்கிவிட்டோம்."
யார் அந்த இன்னொருவர் என்று
நான் கேட்கவில்லை.
அவன் சூப்பைக் கிளறப் போனான்.

ஐந்தாவதை யாருக்கும் பிடிக்காது.
கடைசிக் கதவுக்கு விடையே இல்லையாம்,
செய்தவர்களே மறந்துவிட்டார்களாம்.

அதைத்தான் உள்ளே தள்ளுகிறேன்.
கரகரவென்று சுழல்கிறது.
திரையில் கடல்; ஜன்னலிலும்.

ஐவின் நாற்காலியை இழுத்துப் போடுகிறான்,
பென்சில் எங்கே என்கிறான்,
புதுத் தாள் ஒன்றும் கேட்கிறான்.