வாலில் ஓர் 'ஆம்'

வணிகக் கையேட்டில் நான்கே வரி.
செங்காயா பைகள், காக்கி புக்கிட், ஆறாம் மாடி.
பெயர் எப்படி என்று எழுது, எந்தப் பக்கமும் சாயாதே,
என்றார் செல்லப்பெருமாள்,
மேசைக்கடியில் கிடந்த அவர்கள் பையை
காலால் உள்ளே தள்ளியபடி.

முதல் வரைவு இப்படி வந்தது:
பழுதானால் பத்தாண்டு இலவசமாகத் தைத்துத் தருகிறார்களாம்.
மிகைநேரக் கூலியைப் பிடித்து வைத்தார்கள்.

திரும்ப வாசிக்கையில்தான் கண்ணில் பட்டது
முதல் வாக்கியத்தின் வாலில் தொங்கிய 'ஆம்'.
இரண்டாவதில் அது இல்லை.
இரண்டையும் நான் பார்க்கவில்லை.
ஒன்று, தையல் மேற்பார்வையாளர் ரோஸ்னானி
சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னது.
மற்றது, மின்தூக்கியில்
பெயர் சொல்லாமல் ஒருவர் சொல்லி
மூன்றாம் மாடியில் இறங்கிப்போனது.

தேக்கா. நவம்பர் மழை.
தோளிலிருந்து வார் அறுந்து
அரைக்கிலோ வெண்டைக்காய்
பஃபலோ ரோட்டு வடிகாலில் மிதந்து போனது.
அன்றே முடிவாகியிருக்க வேண்டும்
எந்த வாக்கியத்துக்கு வால் என்று.

புகார்கள் நாற்பத்தொன்று. எண்ணி வைத்திருந்தேன்.
விற்ற பைகள் எத்தனை?
அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.
மறுநாள் கேட்டேன்: ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
"என் பை இன்றும் அறவில்லை" என்று
எவரும் கடிதம் போடுவதில்லை.
உடனே மனம் அந்தப் பக்கம் ஓடியது.
'நாற்பத்தொன்றே' என்று ஓர் ஏகாரம் போட்டேன்.
பிறகு அதையும் அடித்தேன்.
ஒன்பதாயிரத்தை எனக்குச் சொன்னதும்
அவர்கள்தான்.

கூலியைப் பற்றி
முதலாளி கோ ஹுய் லெங் மறுக்கவில்லை.
மூன்று மாதத் தாமதம், கொடுத்துவிட்டோம், என்றார்.
அந்த 'விட்டோ'மில் கணக்கு முடிந்த நிம்மதி.
நாலரை மணிக்கே ஜொகூர்ப் பாலம் கடந்து வரும்
வேதவல்லியிடம் கேட்டேன்.
கொடுத்தாங்க, என்றாள்.
மோட்டார்சைக்கிளை வங்கி எடுத்துட்டுப் போனப்புறம்.

கடைசியில் எழுதியது:
பழுது நீக்கித் தருகிறார்கள்; ஆறு ரசீதுகள் பார்த்தோம்.
புகார் நாற்பத்தொன்று; விற்பனை, அவர்கள் கணக்கில், ஒன்பதாயிரத்துக்கு மேல்.
மிகைநேரக் கூலியை ஒருமுறை மூன்று மாதம் தாமதித்தார்கள்.
பின்னர் கொடுத்தார்கள்; அதற்குள் ஒருவர் வண்டியை இழந்தார்.
இதை எழுதியவரின் பை ஒருமுறை அறுந்தது.

ஐந்து வரி.
செல்லப்பெருமாள் கடைசி வரியை வெட்டினார்.
உன் வெண்டைக்காய் யாருக்கம்மா வேணும்?

வீடு திரும்பும் வழியில், யூனோஸ் நிலையக் கடையொன்றில்
பச்சைப் பையைத் தூக்கிக் காட்டி
முன்பின் தெரியாத பெண் கேட்டாள்:
செங்காயா, நல்ல பையாமே?

என்னுடையது அறுந்தது, என்றேன்.
ஆனால் நான் வைத்திருந்தது
ஒன்றுதான்.