பொருள்: ஓர் அறிமுகம்

சாஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
அடுப்புக்கு மேல் விசிறி ஓடுகிறது, எதுவும் வேகவில்லை.
சத்தம் வேண்டியிருக்கிறது.
மடிக்கணினியில் முதல் கட்டம் பெயர் கேட்கிறது,
அடுத்தது பொருள்.
பொருள்தான் பிரச்சினை என்று
அந்தக் கட்டத்துக்குள் எழுத முடியுமா?

ஏழு மாதமாக ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை.
அதற்கு முன் பதினாறு வருடம்
தண்ணீரைப் பரிசோதித்தேன்.
எந்த ஊர்க் குழாயிலும் ஒரு மடக்குக் குடித்து
இரும்பா குளோரினா என்று சொல்லிவிடுவேன்.
இந்த ஊர் ஆற்றையும் சொல்வேன்,
கேட்கத்தான் ஆளில்லை.

நகராட்சி நீர்ப்பிரிவில் ஹெதர் லிண்ட்ஸ்ட்ரம் என்றொருத்தி.
அவளைத் தெரிந்தவன் வசீகரன், கால்கரியில்.
அவனை எனக்குத் தெரியும்.
தெரியும் என்றால்
ஒரே ஆய்வக மேசை, ஒரே பியூரெட்,
நான் கைநழுவ விட்டால் அவன் பிடிப்பான்.

"நலமா?" என்று தொடங்கி, அழித்தேன்.
அடுத்த வரியில் கை நீட்டப் போகிறவள்
நலம் கேட்கக் கூடாது.
"நீண்ட நாளாயிற்று."
யார் நீட்டியது?
"உங்கள்" என்பதை "உன்" ஆக்கி, மறுபடி "உங்கள்".
மரியாதையாகக் கேட்டால் மறுப்பது அவனுக்குச் சுலபம்,
மறுக்கப்படுவது எனக்கும் கொஞ்சம்.

பெறுநர் கட்டத்தில் மூன்றெழுத்துத் தட்டியதும்
பழைய மடலொன்று எழுந்து வந்தது.
இரண்டாயிரத்துப் பதினாறு, ஆகஸ்ட்.
"அப்பா நேற்றுப் போய்விட்டார், பிலோ.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது."
அதற்குக் கீழே வெள்ளை.
அந்த வெள்ளை என்னுடையது.

அன்று நல்ல பதிலாக எழுத நினைத்தேன்.
நல்ல பதில் ஒரு வாரம் கேட்டது, பிறகு ஒரு மாதம்,
பிறகு வெட்கம் வந்து அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

வேண்டுகோள் முழுவதையும் அழித்தேன்.
அவன் அப்பாவை எழுதினேன்.
கல்லூரி வாசலில் எவர்சில்வர் தூக்கில் பலாச்சுளையோடு நின்றவர்,
எவ்வளவு திருத்தியும் என்னைப்
பிலோமினாள் என்றே கூப்பிட்டவர்.
ஒன்பது வருடத் தாமதம் என்றும் எழுதினேன்.
மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் சேர்க்கவில்லை,
அதுவும் ஒரு கேட்டல்தானே.
அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

விடிகாலைப் பேருந்தில், நகத்தில் மாவோடு, படிக்கிறேன்:
"அந்தத் தூக்கு இன்னும் எங்களிடம் இருக்கிறது.
சரி, என்ன வேலை தேடுகிறாய்?"

முகம் சுட்டது, அந்தக் குளிரிலும்.
பழைய நண்பர்களை ஞாபகம் வரும் பருவம் எதுவென்று
இந்த நாட்டுக்கு வந்த எல்லாருக்கும் தெரியும் போல.

சொன்னேன். ஹெதரின் பெயரையும் சொன்னேன்.
"உன்னைப் பற்றி மூன்று வரி அனுப்பு,
படர்க்கையில். அப்படியே அனுப்பிவைக்கிறேன்."

பரிசில் பெற்ற பாணன்
பெறாதவனுக்கு வள்ளலின் வழி சொல்வது
நம்மிடம் பழைய வழக்கம்.
பசித்தவனே தன் புகழையும் பாடித் தர வேண்டும் என்று
எந்த இலக்கணத்திலும் இல்லை.
"பிலோமினா நீர்த்தர ஆய்வில் பதினாறாண்டு அனுபவமுள்ளவர்."
யார் இந்த அம்மாள்?
இவரைத் தெரிந்திருந்தால்
நானே ஒரு வேலை கேட்டிருப்பேன்.

வியாழன் மதியம் நகல் எனக்கும் வந்தது.
என் மூன்று வரி, ஒரு காற்புள்ளி மாறாமல்.
நான்காவது அவனுடையது:
"பதில் போடத் தாமதிப்பார். ஆனால் போடுவார்."

ஹெதர் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ.
புதன்கிழமை பத்து மணிக்கு வரலாமாம்,
கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்த இடமுண்டாம்.
எனக்குக் கார் இல்லை.

ஈரப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு,
கையைக்கூடத் துடைக்காமல்
பதில் எழுதினேன்.