முதல் அரை மீட்டர்

தெலுக் பகாங். காலை ஆறே முக்கால்.
இரவு பெய்த மழை
இன்னும் கடலோடு சேரவில்லை,
தேயிலைச் சாயமாய் மேலே கிடக்கிறது.

கம்பியை விரற்கடை விரற்கடையாய் இறக்குகிறேன்.
நொடிக்குப் பதினாறு முறை உப்பு, வெப்பம்.
இரண்டாவது மீட்டரில் உப்பு எகிறுகிறது,
இருட்டில் ஒரு படி கூடுதலாக இருந்ததுபோல்.

முதல் அரை மீட்டரை மட்டும் வெட்டிவிடுவோம்.
எங்கள் படகின் வயிறே கலக்கிய நீர் அது,
எவரும் நம்புவதில்லை.

சிக்கந்தர் முனையில் குப்புறப் படுத்து
தோள்வரை கையை விடுகிறான்.
"முழங்கையில செஜுக், விரல்ல சூடு.
எழுதிக்கோ, கலைமதி."

சிரித்தேன். பிறகு அளந்தேன்:
நடுவிரல் நுனியிலிருந்து தோள்வரை
எழுபத்தொரு சென்டிமீட்டர்.

கருவி என்ற கட்டத்தில்
இடது கை என்று எழுதினேன்.
வலது கையில்
சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.