இருபதால் பெருக்குவது

மலேசியா என்றதும்
லிஃப்ட் வைத்த வீடு என்று நினைத்துத்தான்
அந்த உயரச் செருப்பை வாங்கினேன்.

பீடோரிலிருந்து உள்ளே ஒன்பது கிலோமீட்டர்.
தகரக் கூரை. மழை பிடித்தால்
தவசீலன் சொல்வது எனக்குக் கேட்காது,
நான் திட்டுவது அவருக்கும்.
தேநீர் நிறத்தில் தண்ணீர்,
குழாய் வாயில் துணி.
செம்பனை ஆலை வாடை
தலையணை உறைக்குள்ளும்.

"மூணு வெள்ளிதான்" என்பாள் கீரைக்காரி.
மூன்றை இருபதால் பெருக்கி
கட்டைக் கீழே வைத்துவிட்டு நடப்பேன்.
முட்டை, சோப்பு, பஸ் டிக்கெட்
எல்லாம் இருபதால்.
அவர் சம்பளத்தையும் பெருக்கியிருக்கிறேன்,
ஒரே ஒரு முறை,
கல்யாணத்துக்கு முன்னால்.

நேற்று இரவுச் சந்தையில் கானாங்கெளுத்தி.
பன்னிரண்டு வெள்ளி என்றான்.
பத்துக்குக் கேட்டு, பதினொன்றுக்கு வாங்கி,
மோட்டார் சைக்கிளில் பாதி வழி வந்தபின்தான் உறைத்தது:
பெருக்கவே இல்லை.

செருப்பில் ஒன்று இப்போது
குளியலறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.
இன்னொன்று எங்கேயோ.

போனில் பொற்கொடி கேட்கிறாள்:
"நம்ம காசுக்கு எவ்ளோக்கா அது?"
"இருடி" என்று
செதில் ஒட்டிய விரல்களை
மடக்கத் தொடங்கினேன்.